ஒரு நிமிடப் பேய் வேட்டை அனிமே: மலையகத்து வீட்டிலிருந்து செய்யும் முறை

ஒரு நிமிட அனிமே என்றால் 1,440 பிரேம். செக்கனுக்கு 24, அறுபது செக்கன். இந்தக் கணக்கைக் கேட்டதும் பலருக்குக் கை ஓய்ந்துவிடுகிறது. ஆனால் ஜப்பானில் வாராந்தத் தொலைக்காட்சி அனிமே தொடங்கிய 1963-இலிருந்தே அங்கே பெரும்பாலும் 24 படமும் வரைவதில்லை. ஒரு படத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்துவார்கள்; அப்போது செக்கனுக்கு 8 படம் போதும். வேகம் வேண்டிய இடத்தில் இரண்டு பிரேமுக்கு ஒன்று, செக்கனுக்கு 12. பேசும் காட்சியில் வாயும் கண்ணும்தான் அசையும், மற்றதெல்லாம் சும்மா நிற்கும்.

கீழே சொல்லும் படம் 16 கட் கொண்டது; கட் என்றால் இடையில் மாறாமல் ஓடும் ஒரு ஷாட். சண்டை 5 கட், 14 செக்கன், சுமார் 80 படம். பேச்சும் பார்வையும் 7 கட், 30 செக்கன், சுமார் 50 படம். மலை, லயம் (தோட்டத்து வரிசை வீடு), மூடுபனி என்று இடத்தைக் காட்டும் கட் 4, 16 செக்கன், அதிகம் போனால் 10 படம். மொத்தம் 140 படமும் 10 பின்னணியும். ஒருவரே தனியாகச் செய்யக்கூடிய அளவு இது. இதைவிடப் பெரிதாகத் தொடங்கினால் பாதியில் நிற்கும்.

பேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பேய் வேட்டைக் கதையில் வேட்டைக்காரன் ஒரு பேயோடு பேரம் பேசிச் சக்தி வாங்குவான், அதற்கு ஏதாவது கொடுப்பான். அந்த விலை என்ன என்பதில்தான் படம் நிற்கும் அல்லது விழும். ஆயுளில் பாதி, பழைய நினைவு போன்ற விலைகளைத் திரையில் காட்ட முடியாது. அதை விளக்க வசனம் வேண்டும்; ஒரு நிமிடத்தில் வசனத்துக்கு இடமில்லை. ஒரு கையை விலையாக வைத்தால் அதற்குப் பிறகு உடம்பையே புதிதாக வரைய வேண்டும், சமநிலையும் மாறிவிடும். காது கேளாமல் போவது நல்ல விலை, ஏனென்றால் ஒலியை வெட்டினால் போதும்.

எல்லாவற்றிலும் நல்லது நிறம். கத்தியால் ஒரு வெட்டு வெட்டினால் வேட்டைக்காரன் கண்ணுக்கு ஒரு நிறம் போகும். முதல் வெட்டில் பச்சை போகட்டும். நம் ஊரில் பச்சை போனால் திரையில் முக்கால்வாசி செத்துவிடும்: மலை, கொழுந்து, புல் எல்லாம் சாம்பல். இரண்டாவது வெட்டில் சிவப்பு. மூன்றாவதில் மிச்சமெல்லாம். பார்க்கிறவருக்கு விளக்கமே வேண்டாம், உங்களுக்கும் புதிதாக ஒரு படம்கூட வரையத் தேவையில்லை.

காதல் போட்டியையும் இதே கயிற்றில் கட்ட வேண்டும். தனியாக ஒரு காதல் கதை ஓடினால் 60 செக்கன் போதாது. கவ்வாத்துக்கு, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலைக்கு, போகும் இரண்டு பொடியன்கள், சேகரும் தேவாவும். இருவருக்கும் மாரி மேல் ஆசை. பேய் மாரியின் லயத்தை நோக்கி இறங்குகிறது. தேவாவுக்கு முன்னால் தான் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே சேகர் பேரத்துக்குச் சம்மதிக்கிறான். தேவா பேரம் பேசுவதில்லை. அதனால் மெதுவாக வருகிறான், அடி வாங்குகிறான், ஆனால் அவன் கண்ணில் நிறம் இருக்கிறது. இந்த வித்தியாசம் கடைசிக் கட்டில் வேலை செய்யும்.

பேரம் பேசும் வசனம் குட்டையாக இருக்கட்டும், நம் பேச்சாகவும் இருக்கட்டும்:

"என்னா வேணும் ஒனக்கு?"
"நெறம். வெட்டு ஒன்னுக்கு நெறம் ஒன்னு."
"எந்த நெறம்?"
"போன பொறகு வெளங்கும் தம்பி."

நான்கு வரி, 7 செக்கன். பேய் 'தம்பி' என்று கூப்பிடுவதில் உள்ள பாசம்தான் பயத்தைக் கொடுக்கும். உறுமலும் சிரிப்பும் சேர்க்க வேண்டாம்.

பேய்க்கு உருவம்

கொம்பு, சிறகு, நான்கு கை என்று போனால் ஒவ்வொரு படத்திலும் அத்தனையும் வரைய வேண்டும். அட்டையைப் பேயாக்குங்கள். காலில்லை, கையில்லை. முன் உறிஞ்சியை ஊன்றி, பின்னுடம்பை வளையமாக இழுத்து, பின் உறிஞ்சியை ஊன்றி, முன்னே நீளும். இந்த நகர்வு 6 படத்தில் ஒரு சுற்று முடியும். அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம். நீளும்போது உடம்பு மெலிய வேண்டும், சுருங்கும்போது தடிக்க வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே தடிப்பில் வரைந்தால் ரப்பர் குழாய் போலத் தெரியும், உயிர் இருக்காது. மலைச்சரிவில் லயத்தின் உயரத்துக்கு ஓர் அட்டை வளைந்து இறங்கினால் அதற்கு மேல் பயமுறுத்தல் தேவையில்லை. அட்டை கடித்தால் வலிக்காது, விழுந்த பிறகும் இரத்தம் நிற்காது. சேகரின் பேரமும் அப்படித்தான் நடக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். முனியையோ மாடசாமியையோ தோட்டத்து வேறு எந்தக் காவல் சாமியையோ பேயாக வரைய வேண்டாம். அவை வழிபாட்டில் உள்ள தெய்வங்கள். கற்பனைப் பேய்க்குப் பஞ்சமில்லை.

ஆயுதத்துக்குக் கவ்வாத்துக் கத்தியே போதும். ஜப்பான் வாளை அதன் இடத்தில் வைக்காதீர்கள். வளைந்த அலகு நிழலுருவத்திலேயே அடையாளம் தெரியும், வீச்சின் பாதையையும் அந்த வளைவு சொல்லிவிடும். போன் திரையில் தெரிவதற்காக உண்மை அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரையுங்கள்.

தாளில் வரைபவர்களுக்கு

போனில் விரலால் வரையும் செயலிகள் உண்டு, பிளிபாக்ளிப் போல. கணினி இருந்தால் கிரிட்டாவும் ஓபன்டூன்ஸும் இலவசம். ஆனால் விரலால் கோடு இழுப்பதைவிடத் தாளில் பென்சிலால் இழுப்பது பெரும்பாலானவர்களுக்கு நன்றாக வரும். தாளில் வரைந்து போனில் படமெடுப்பதில் சில சிக்கல் உண்டு. மலைநாட்டில் அவை கூடுதல்.

முதலாவது, தாள் நகர்வது. 140 தாளும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். அலுவலகத்தில் பைலுக்குத் துளையிடும் சாதாரண இரண்டு துளைப் பஞ்ச் இதற்குப் போதும். அதன் துளைகள் 80 மி.மீ. இடைவெளியில் இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 6 மி.மீ. அகலம். ஒரு பிளைவுட் துண்டில் 80 மி.மீ. இடைவெளியில் இரண்டு 6 மி.மீ. உருளைக் குச்சிகளை ஒட்டுங்கள், 8 மி.மீ. வெளியே தெரியட்டும். தாள் தடையில்லாமல் இறங்கும்வரை மண்தாளால் தேயுங்கள். இறுக்கமாக இருந்தால் நாலைந்து தடவை போட்டு எடுத்ததும் துளை கிழியும். தளர்ந்தால் படம் ஆடும்.

இரண்டாவது, ஈரம். நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் பக்கம் மழைக்காலத்தில் திறந்து வைத்த தாள் ஒரே இரவில் நெளிந்துவிடும். ஈரம் ஏறிய தாள் நீளத்தைவிட அகலத்தில், அல்லது அகலத்தைவிட நீளத்தில் கூடுதலாக விரியும். அதனால் நேற்று வரைந்த படமும் இன்று வரைந்த படமும் துளையில் பொருந்தினாலும் கோட்டில் பொருந்தாது. ஒரு கட்டுக்கு வேண்டிய தாளை மட்டும் எடுங்கள், மிச்சத்தை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வறுத்து ஆறவைத்த அரிசிப் பொட்டலத்தோடு வையுங்கள். ஒரு கட்டை ஒரே இருப்பில் வரைந்து அன்றே படமெடுப்பது இதைவிட நல்லது. 80 கிராம் ஏ4 தாள் சரி. அதைவிடக் கனமென்றால் அடிப்படம் (அடித்தாளில் உள்ள முந்தைய படம்) சரியாகத் தெரியாது.

அடிப்படம் தெரிய ஒளிப்பெட்டி வேண்டும். 12 செ.மீ. ஆழமான காட்போட் பெட்டிக்குள் 9 வாட் எல்.ஈ.டி. பல்ப், மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் ஒரு ட்ரேசிங் தாள். பெட்டி இதைவிட ஆழம் குறைந்தால் நடுவில் மட்டும் வெளிச்சம் குவிந்து ஓரம் இருட்டாகும். குண்டு பல்ப் போடவே கூடாது: சூடு காட்போட்டைப் பிடிக்கும்.

மூன்றாவது, படமெடுக்கும் வெளிச்சம். ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். மூடுபனி ஒரு தடவை வந்து போனால் அடுத்தடுத்த படங்களில் வெளிச்சம் ஏறி இறங்கும், ஓட்டிப் பார்த்தால் திரை துடிக்கும். இரவில், திரைச்சீலை போட்டு, இரண்டு பல்பை இரு பக்கமும் 45 பாகையில் வைத்து எடுங்கள். போனைத் தாளுக்கு நேர் மேலே 40 முதல் 45 செ.மீ. உயரத்தில் கட்டுங்கள். அகலக்கோண லென்ஸ் வேண்டாம், ஓரம் வளையும். தாளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து போகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். கைமுறை அமைப்பு உள்ள போன் என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். வேறு வேகம் வைத்தால் சில பல்புகளில் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும். பட்டனைத் தொட்டால் போன் ஆடும் என்பதால் இயர்போனின் ஒலி பட்டனால் எடுங்கள், அல்லது 2 செக்கன் டைமர் போடுங்கள்.

ஒரு வெட்டு எப்படி வேலை செய்கிறது

புதிதாகச் செய்பவர்களின் சண்டை பஞ்சுபோல் இருப்பதற்கு ஒரே காரணம்தான்: எல்லாப் படத்துக்கும் சம இடைவெளி, சம நேரம். கத்தி பின்னிருந்து முன்னுக்கு எட்டு சமபடியில் வந்தால் அது வெட்டாகத் தெரியாது, விசிறியாட்டம் ஆடும். எடையைக் கொடுப்பது வேகமல்ல, வேகத்துக்கு முன்னும் பின்னும் வரும் நிறுத்தம். ஒரு வெட்டுக்கு இந்தக் கணக்கை வையுங்கள்:

1. ஓங்குதல்: 3 படம், ஒவ்வொன்றும் 3 பிரேம். உடம்பு பின்னே சாய்ந்து முழங்கால் மடிய வேண்டும். கடைசிப் படத்தைக் கூடுதலாக 6 பிரேம் நிறுத்துங்கள்.
2. வீச்சு: 1 படம், 2 பிரேம். கத்தியைக் கத்தியாக வரையாதீர்கள். அது போன பாதையை ஒரே பிறை வடிவமாக இழுத்துவிடுங்கள்.
3. தாக்கம்: 2 படம், ஒவ்வொன்றும் 1 பிரேம். ஒன்று கறுப்பில் வெள்ளைக் கோடு, மற்றது வெள்ளையில் கறுப்பு.
4. உறைதல்: வெட்டுப்பட்ட நிலையில் 1 படம், 5 பிரேம். முழுத்திரையையும் 8 பிக்சல் மேலும் கீழும் ஆட்டுங்கள்.
5. தொடர்ச்சி: 4 படம், 2, 2, 3, 4 பிரேம் என்று மெதுவாகட்டும். துணியும் முடியும் உடம்புக்குப் பிந்தி வந்து நிற்கும்.
6. கடைசிப் படத்தை இன்னும் 10 பிரேம் வையுங்கள்.

11 படம், 45 பிரேம், இரண்டு செக்கனுக்குச் சற்றுக் குறைவு. முதல் வெட்டை இப்படியே செய்யுங்கள். இரண்டாவதில் ஓங்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள், சேகருக்குச் சக்தி பழகிவிட்டது. மூன்றாவதில் ஓங்குதலை இரட்டிப்பாக்குங்கள்: வெட்டினால் என்ன போகும் என்று இப்போது அவனுக்குத் தெரியும், கை தயங்குகிறது. படத்தின் மிக நல்ல இடம் இந்தத் தயக்கம்தான். அதை அவசரப்படுத்த வேண்டாம்.

தாக்கப் படங்களில் ஓர் எச்சரிக்கை. 1997 டிசம்பரில் ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமே ஒன்றில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். எந்த ஒரு செக்கனுக்குள்ளும் மூன்று மின்னலுக்கு மேல் வைக்காதீர்கள். முழுத்திரைச் சிவப்பு மின்னல் வேண்டவே வேண்டாம்.

தப்பு அடிக்குச் சண்டை

மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் தப்பு என்ற தோல் பறையின் அடி எல்லோருக்கும் காதில் இருக்கும். சண்டைக்கு அதைவிட நல்ல தாளம் கிடைக்காது. முதலில் தப்பைப் பதிவு செய்யுங்கள், பிறகு படம் வரையுங்கள். மாற்றிச் செய்தால் எதுவும் பொருந்தாது. 1,440-ஐ நிமிடத்துக்கு விழும் அடியால் வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை பிரேம் என்று வரும். நிமிடத்துக்கு 90 அடி என்றால் 16 பிரேம், 120 என்றால் 12, 160 என்றால் 9. அடியின் ஓசைக்கு 2 பிரேம் முன்னதாகத் தாக்கப் படம் வரட்டும். கண் முந்தினால் சரியாகத் தெரியும். ஓசை முந்தினால் உடனே பிசகு தெரியும்.

ஈரக் குளிரில் தப்பின் தோல் தளர்ந்து ஓசை மந்தமாகும். வாசிப்பவர் தீயில் காய்ச்சியதும் முதல் சில நிமிடத்துக்குள் பதிவை முடியுங்கள். போனை மூன்று மீற்றர் தள்ளி வையுங்கள்; கிட்டே வைத்தால் ஓசை உடைந்து கரகரக்கும். தகரக் கூரையில் மழை பெய்யும்போது குரல் பதிவு செய்ய முடியாது, ஆனால் அந்த மழையைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசும் காட்சிக்குப் பின்னணியாக அதுவே போதும். குரலை இரவில், தலைக்கு மேல் கம்பளி போர்த்தி எடுங்கள்.

வாய்க்கு மூன்று படம்: மூடியது, பாதி திறந்தது, முழுதாகத் திறந்தது. மூன்று பிரேமுக்குக் குறைவாக வாயை மாற்றாதீர்கள். ப, ம வரும் இடத்தில் மட்டும் வாய் கட்டாயம் மூட வேண்டும், அங்கே 2 பிரேம் போதும். மற்ற எழுத்துகளை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

மூடுபனியும் மலையும்

மூடுபனி உங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கும். பின்னணியை மூன்று அடுக்காக வரையுங்கள்: முன்னே தேயிலைச் செடி, நடுவே லயமும் நிழல் மரமும், தூரத்தில் மலை. 1920 பிக்சல் அகலத் திரையில் முன்னடுக்கைப் பிரேமுக்கு 6 பிக்சல், நடுவை 2, மலையை அரைப் பிக்சல் நகர்த்துங்கள். ஐந்து செக்கன் நகர்வுக்கு முன்னடுக்கு 720 பிக்சல் போகும், ஆகவே அதை 2,640 அகலத்தில் வரைய வேண்டும். நடுவுக்கு 2,160, மலைக்கு 1,980. இதை முன்பே கணக்குப் பார்க்காவிட்டால் நாலாவது செக்கனில் படம் முடிந்து வெறுமை தெரியும். பிரேமுக்கு 11 பிக்சலுக்கு மேல் போனால் மர விளிம்புகள் துடிக்கத் தொடங்கும். அடுக்குகளுக்கு நடுவே வெள்ளையை 30 சதவீத அடர்த்தியில் ஒரு தடவை பூசினால் அது மூடுபனி.

தேயிலைச் செடியை உருண்டையாக வரையாதீர்கள். கொழுந்து எடுக்கும் செடியின் மேல்தட்டு இடுப்பளவில் சமமாக இருக்கும், அடியில் தண்டு கறுத்துக் கோணலாக இருக்கும். கவ்வாத்து முடிந்த மலை என்றால் வெறும் குச்சிதான். மூன்றாவது வெட்டைக் கவ்வாத்து மலையில் வையுங்கள். இலையே இல்லாத இடத்தில் நிழலுருவம் சுத்தமாகத் தெரியும்.

நிறத்தை எடுப்பது

போனில் உள்ள எடிட்டிங் செயலிகளில் எச்.எஸ்.எல். என்ற கருவி இருக்கும், கேப்கட்டிலும் உண்டு. ஒவ்வொரு நிறத்தின் செறிவையும் வெளிச்சத்தையும் அதில் தனித்தனியாக மாற்றலாம். பச்சையின் செறிவை முழுதாகக் குறைத்தால் பச்சை போய்விடும் என்று நினைப்போம், போகாது. கொழுந்து மஞ்சள் கலந்த பச்சை. மஞ்சளையும் குறைக்க வேண்டியிருக்கும். மஞ்சளைக் குறைத்தால் முகத்தின் நிறமும் சாம்பலாகும். அதனால் வண்ணம் பூசும்போதே இடைவெளி விடுங்கள்: நிற வட்டத்தில் தோல் 15 முதல் 25 பாகை, கொழுந்து 75-க்கு மேல், முற்றிய இலை 110 முதல் 140. சிவப்புக்கும் இதே தொல்லை. மாரியின் தலையில் உள்ள டேலியாப் பூவைத் தூய சிவப்பில் பூசினால் தோலும் அதோடு வெளுக்கும். பூவை 340 பாகைப் பக்கம், சற்று ரோஸ் கலந்த சிவப்பில் பூசுங்கள், அல்லது பூவைத் தனி லேயரில் வையுங்கள். இரண்டாவதே நிச்சயமான வழி.

நிறம் சட்டென்று போகக்கூடாது, 24 பிரேமில் வடியட்டும். செயலியில் எச்.எஸ்.எல்.-ஐப் படிப்படியாக மாற்ற வசதியில்லாவிட்டால் அந்தக் கட்டைப் பிரதி எடுத்து, பிரதியில் நிறத்தை நீக்கி, ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு செக்கனில் கரையவிடுங்கள்.

மூவரும் நிற்கும் கட்

காதல் போட்டிக்கு வசனம் வைக்காதீர்கள். இஸ்தோப்பில் (லயத்தின் முன் திண்ணையில்) மாரி, வாசலில் சேகர், படியில் தேவா. மூவரையும் ஒரே படமாக வரையுங்கள், கருவிழிகளை மட்டும் தனி லேயரில் வையுங்கள். சேகர் மாரியைப் பார்க்கிறான், 12 பிரேம். மாரியின் கண் தேவாவின் காயத்துக்குப் போகிறது, 8 பிரேம் நிறுத்தம். சேகரின் கண் கீழே இறங்குகிறது, 18 பிரேம். ஒரு படம், ஐந்து கருவிழித் துண்டு, போட்டி முழுதும் சொல்லியாயிற்று. மூவரின் கண்ணையும் ஒரே நேரத்தில் அசைத்தால் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் போகும். ஒருவர் முடிந்த பிறகே அடுத்தவர்.

15-ஆம் கட்டும் 16-ஆம் கட்டும் ஒரே படம். மாரி பூவைத் தொட்டு, "பூ நல்லாருக்கா?" என்கிறாள். 15-இல் சேகரின் கண்ணால் பார்க்கிறோம், எல்லாம் சாம்பல், பதில் இல்லை, மழை மட்டும் 3 செக்கன். 16-இல் தேவாவின் கண்ணால், முழு நிறத்தில். "செவப்பு ஒனக்கு எடுப்பா இருக்கு புள்ள." புதிதாக வரைய வேண்டியது ஒன்றுமில்லை.

சேமிப்பதும் அனுப்புவதும்

ஒவ்வொரு கட்டையும் தனிக் கோப்பாக வையுங்கள். கரண்ட் போனால் ஒரு கட்தான் போகும், படம் முழுதும் போகாது. இடி முழங்கும்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். தலைப்பைத் தமிழில் தட்டச்சு செய்தால் சில செயலிகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் குழம்பும். கையால் எழுதிப் படமெடுத்து வைப்பதே அழகு. 1080 அளவில், எச்.264 வகையில், செக்கனுக்கு 12 மெகாபிட் என்று எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு நிமிடம் சுமார் 90 எம்.பி. வரும். டேட்டா குறைவானவர்களுக்கு 720 அளவில் 2 மெகாபிட்டில் இன்னொன்று, 15 எம்.பி. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி நசுக்கும், மூடுபனியில் கட்டம் கட்டமாகத் தெரியும். டாக்கியுமென்ட்டாக அனுப்புங்கள்.